இயற்கை மருத்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கை மருத்துவ வகுப்புகளில் நல்ல கேள்விகள் வகுப்பு முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் வரும். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் மெல்லப் பக்கத்தில் வந்து கேட்பார்கள். ஆள் மாறுவார்கள், கேள்வி மாறாது. அப்படிக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம். அது ஏன் என்பதும் கீழே வருகிறது.

இயற்கை மருத்துவம்னா மூலிகை வைத்தியம்தானே?

இல்லை. மூலிகை அதில் ஒரு ஓரத்தில் இருக்கலாம், அவ்வளவுதான். சித்தா, ஆயுர்வேதம் இரண்டிலும் மருந்து உண்டு. லேகியம், சூரணம், கஷாயம் எல்லாம் மருந்துதான். இயற்கை மருத்துவத்தின் கையில் இருப்பவை உணவு, உண்ணாநோன்பு, தண்ணீர், மண், வெயில், மசாஜ், உடற்பயிற்சி, ஓய்வு ஆகியவை. ‘எதைக் கொடுப்பது’ என்பதைவிட ‘எதை மாற்றுவது, எதை விடுவது’ என்றுதான் அது அதிகம் கேட்கும். பெயரில் ‘இயற்கை’ இருப்பதாலேயே பாட்டிலில் அடைத்து விற்கும் எல்லாப் பொடியையும் இதில் சேர்த்துவிடக் கூடாது.

இது ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கிற முறையா?

தண்ணீரும் மண்ணும் பட்டினியும் மனிதனுக்குப் புதியவை அல்ல. ஆனால் தனியொரு மருத்துவ முறையாக இது உருவானது 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில்தான். சைலீசியாவின் கிராஃபென்பெர்க்கில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் (1799–1851) என்ற விவசாயி ஈரத்துணிப் பட்டிகளையும் குளிர்ந்த நீரையும் வைத்து ஊர் உலகத்தையே தன்னிடம் வரவழைத்தார். பவேரியாவின் பாதிரியார் செபாஸ்டியன் க்னைப் (1821–1897) அதை மென்மையாக்கினார். லைப்சிக் நகரின் லூயிஸ் கூனே இடுப்புக் குளியலையும், அடால்ஃப் யூஸ்ட் மண் சிகிச்சையையும் பரப்பினார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தில் காந்தி இந்த இருவரின் எழுத்தையும் படித்து, தன் உடம்பிலேயே இரண்டையும் சோதித்துப் பார்த்தார்.

பழமை என்பது ஒரு சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. ரத்தத்தை வடித்து நோய் தீர்க்கும் வழக்கம் இதைவிடப் பழையது.

எந்தப் பிரச்சினைக்கு இதை நம்பிப் போகலாம்?

பழக்கத்தால் வந்து பழக்கத்தால் நீடிக்கும் தொந்தரவுகளில் இதற்கு நல்ல இடம் உண்டு. மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சாதாரணத் தலைவலி, தூக்கமின்மை, முழங்கால் தேய்மானம், கூடிய எடை, ஆரம்பநிலை ரத்த அழுத்தம் போன்றவை. சளி, தொண்டை வலி போல தானாகவே சரியாகும் உபாதைகளில் உடம்புக்குச் சற்று இதம் தரும். எலும்பு முறிவு, மாரடைப்பு, பக்கவாதம், குடல்வால் அழற்சி, பாம்புக்கடி, கடும் தொற்று இவற்றில் இதற்கு எந்த வேலையும் இல்லை. ஒரு மணி நேரத் தாமதம்கூட ஆபத்து.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: எந்த வீட்டுச் சிகிச்சையைத் தொடங்கினாலும் அதற்கு ஒரு கெடு வையுங்கள். ‘இத்தனை நாளில் இது குறைய வேண்டும், குறையாவிட்டால் மருத்துவரிடம் போவேன்’ என்று தொடங்கும் நாளிலேயே காலண்டரில் எழுதிவிடுங்கள். இயற்கை மருத்துவத்தால் கெட்டவர்கள் என்று நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிகிச்சையாலேயே கெட்டவர்கள் அல்ல, கெடு இல்லாமல் காத்திருந்து கெட்டவர்கள். கீழே முடிந்த இடங்களில் கெடுவையும் சேர்த்தே சொல்கிறேன்.

சளி பிடிச்சா ஆவி பிடிக்கிறது நல்லதுதானே?

கொஞ்ச நேரம் மூக்கு திறந்தாற்போல் இருக்கும், இதமாக இருக்கும். சளி சீக்கிரம் போய்விடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையை மூடிக் குனிவதில் உள்ள ஆபத்தோ நிச்சயமானது. பாத்திரம் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோகும் குழந்தைகள் எல்லா நாட்டுத் தீக்காயப் பிரிவுகளிலும் உண்டு. குழந்தைக்குப் பாத்திரத்தில் ஆவி பிடிக்கவே வேண்டாம். வெந்நீரைத் திறந்துவிட்ட குளியலறையில் மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். கற்பூரம் கலந்த தைலங்களும் சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பே வரும்.

இருமலுக்கு, படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் இரவு இருமல் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும். தொண்டை வலிக்கு ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது எளிது, பாதுகாப்பானது. வைட்டமின் சி-யை தினமும் எடுத்துவருபவர்களுக்குச் சளியின் நாட்கள் சற்றே குறைகின்றன. தும்மல் ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் வாங்கி விழுங்குவதில் பயன் தெரியவில்லை.

கெடு: சளிக்கு 10 நாள், இருமலுக்கு 3 வாரம். மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், நெஞ்சு வலி என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

மூக்கை உப்புத் தண்ணியால கழுவலாமா?

கழுவலாம். ஒவ்வாமையால் எப்போதும் மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் சைனஸ் தொந்தரவு உள்ளவர்களுக்கும் நல்ல பலன் தரும் முறை இது. ஒரே ஒரு நிபந்தனை: குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்து ஆறிய நீராகவோ, காய்ச்சி வடித்த நீராகவோ இருக்க வேண்டும். நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா, குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடும். மிக அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் வெகு சிலரே. பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள்.

காய்ச்சலுக்கு ஐஸ் தண்ணியில துணி நனைச்சுப் போடலாமா?

ஐஸ் வேண்டாம். தோல் திடீரென்று குளிர்ந்தால் உடம்பு நடுங்கும், நடுக்கம் இன்னும் சூட்டைத்தான் கிளப்பும். நெற்றியில் வெதுவெதுப்பான ஈரத்துணி, மெல்லிய உடை, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நீர், இவை போதும். காய்ச்சலை இறக்க வேண்டும் என்பதைவிட நோயாளிக்குச் சற்று இதமாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே கெடு எல்லாம் கிடையாது, உடனே மருத்துவமனை. மற்றவர்களுக்கு மூன்று நாள். கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, அழுத்தினாலும் மறையாத தடிப்பு, நீர்கூட உள்ளே தங்காத வாந்தி இருந்தால் அந்த மூன்று நாளும் கிடையாது.

வயித்துப்போக்குக்கு உண்ணாவிரதம் இருந்தா சரியாகுமா?

பட்டினி தேவையில்லை. பசித்தால் சாப்பிடலாம். உயிரைக் குடிப்பது நீரிழப்புதான். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும், கோபுரமாக அள்ளக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவு, குழி விழுந்த கண், மயக்கம் இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

மலச்சிக்கலுக்கு என்ன பண்ணினாலும் சரியாகல, தண்ணியும் குடம் குடமா குடிக்கிறேன்…

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வரும். முதலில் தண்ணீர்: உடம்பில் நீர் குறைவாக இருந்தால்தான் கூடுதல் தண்ணீர் உதவும். போதுமான அளவு குடிப்பவர் இன்னும் இரண்டு லிட்டர் குடித்தால் அது சிறுநீராகப் போகும், குடலுக்குப் போகாது. குடலில் நீரைப் பிடித்து வைப்பது நார்ச்சத்து. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும், பலர் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பி, ‘இது நமக்கு ஒத்துக்கல’ என்று மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். இசப்கோல் என்ற நார்ப்பொடியை எடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தொண்டையில் அடைக்கும். தினமும் இரண்டு கிவிப் பழம், அல்லது காலையில் 50 கிராமும் மாலையில் 50 கிராமுமாக உலர்ந்த பிளம் பழம், இவை இரண்டும் சோதனைகளில் நன்றாகவே வேலை செய்திருக்கின்றன.

அப்புறம், எப்போது உட்காருகிறீர்கள், எப்படி உட்காருகிறீர்கள்? காலை உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசைய ஆரம்பிக்கும். அந்த அரை மணி நேரம்தான் சரியான நேரம். அந்த நேரத்தில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொந்தரவு அதிகம். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறு ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி சற்று முன்னால் சாயுங்கள். உட்கார்ந்த நிலையில் ஆசனவாய்க்கு மேலே குடல் ஒரு வளைவாக மடங்கி நிற்கும். முழங்கால் உயரும்போது அந்த வளைவு நிமிரும். பத்து நிமிடத்துக்கு மேல் முக்காதீர்கள். போன் வெளியே இருக்கட்டும்.

இதெல்லாம் செய்தும் அசையவில்லையென்றால், சாப்பிடும் மருந்துகளைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், சில வலி மாத்திரைகள் எல்லாம் குடலைக் கட்டும். தைராய்டு குறைந்திருந்தாலும் கட்டும். கெடு 4 வாரம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப்பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் பழத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

அப்ப தினமும் எனிமா எடுத்தா வயிறு சுத்தமாகுமே?

எப்போதாவது இறுகிப்போன நாளில் வெதுவெதுப்பான சாதாரண நீரில் எடுப்பது வேறு, தினமும் பழக்கமாக எடுப்பது வேறு. தினசரி எனிமா உடம்பின் உப்புச் சமநிலையைக் கலைக்கும். கவனமில்லாமல் குழாயைச் செலுத்தினால் குடல் கிழியும். காபி எனிமாவுக்குத் தனிக் கும்பிடு: அதனால் தொற்று, உப்புக் குறைவு, உயிரிழப்பு எல்லாம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. காபியைக் குடியுங்கள்.

ராத்திரி படுத்தா நெஞ்செரியுது. ஏதாவது பொடி இருக்கா?

பொடியைவிடக் கட்டிலில் வேலை இருக்கிறது. தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டையோ செங்கல்லோ வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கி, வயிறு அமுங்கி, எரிச்சல் கூடும். இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் இரைப்பையின் பை உணவுக்குழாயைவிடக் கீழே நிற்கும், அமிலம் ஏறுவது குறையும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். எடை கூடியிருந்தால் சில கிலோ குறைத்தாலே பலர் விடுபடுகிறார்கள். புதினாவும் பெப்பர்மின்ட்டும் வயிற்றுக்கு நல்லது என்று மெல்லாதீர்கள். பெப்பர்மின்ட் எண்ணெய் குடல் இழுப்புக்கு உதவும், ஆனால் உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வைத் தளர்த்தி எரிச்சலைக் கூட்டும். சமையல் சோடா உடனே இதம் தரும். அதில் சோடியம் அதிகம் என்பதால் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது.

கெடு மூன்று வாரம். விழுங்கும்போது அடைப்பு, கறுத்த மலம் என்றால் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு கனத்து, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அது ‘வாயு’ அல்ல, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தலைவலி வந்தா மாத்திரை போடாம சமாளிக்க முடியுமா?

இழுத்துக் கட்டியது போன்ற சாதாரணத் தலைவலியில் பெரும்பாலும் முடியும். தண்ணீர், சாப்பாடு, நெற்றியிலோ பிடரியிலோ குளிர்ந்த துணி, இருட்டறையில் அரை மணி நேரம். பொட்டில் பெப்பர்மின்ட் எண்ணெய் தடவுவதும் சிலருக்குக் கேட்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், எந்த வேளை சாப்பாடு தவறியது, மாதவிடாய் எப்போது. ஒரு மாதத்தில் பாதிப் புதிர் அவிழும். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர்ப்பதே தலைவலியைக் கிளப்பும் என்பதால் உண்ணாநோன்பு யோசனை எடுபடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைத் தர ஆரம்பிக்கும். கலவை மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். வாழ்க்கையில் இதுவரை வராத கடுமையோடு நொடியில் தாக்கும் தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் பலமின்மை, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் நேராக அவசரப் பிரிவு.

தூக்கம் வரவே மாட்டேங்குது

படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, 40 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் பத்து நிமிடம் வெந்நீர்க் குளியல். க்னைப் காலத்திலிருந்து சொல்லப்படும் நீர் சிகிச்சை யோசனைகளில் இன்றைய ஆய்வுகள் தாராளமாக ஒப்புக்கொள்ளும் ஒன்று இது. வெந்நீர் தோலுக்கு ரத்தத்தை இழுக்கிறது, குளித்து முடித்த பின் உடம்பின் உட்சூடு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் தூக்கத்தைக் கூட்டிவருகிறது. ஆகவே குளித்த கையோடு படுத்தால் பலன் குறைவு.

எழும் நேரத்தைத் தினமும் ஒன்றாக்குங்கள், விடுமுறை நாளிலும். மதியத்துக்கு மேல் காபி, தேநீர் வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். பலத்த குறட்டையும் பகலில் தூங்கி விழுவதும் சேர்ந்திருந்தால் குளியலால் தீராது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

முழங்கால் வலிக்கு ஒத்தடம் சூடா, குளிர்ச்சியா?

வீங்கிச் சூடாக இருந்தால் குளிர்ச்சி, விறைப்பாக இருந்தால் சூடு. ஆனால் ஒத்தடம் வலியை ஆற்றும், மூட்டைத் தாங்காது. தாங்குவது தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, இவற்றைத் தினமும் செய்யுங்கள். பயிற்சியில் கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி, வரவில்லையென்றால் குறையுங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. கெடு இதற்கு நீளம், இரண்டு மூன்று மாதம். மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் மட்டும் அன்றே மருத்துவர்.

மஞ்சளைச் சமையலில் தாராளமாகப் போடுங்கள். வீரியம் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளில் எச்சரிக்கை வேண்டும். மிளகுச் சத்தோடு சேர்த்து உறிஞ்சலைப் பல மடங்காக்கியவற்றால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது.

மண் பட்டி, இடுப்புக் குளியல் இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுமா?

மண் பட்டி குளிரூட்டும். கல், வேர் இல்லாமல் சலித்த மண்ணை ஊறவைத்து, பருத்தித் துணியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி வயிற்றிலோ நெற்றியிலோ வைக்கும்போது, அது சூட்டை மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரத்துணியைவிட நீண்ட நேரம் குளிர்ச்சி தங்கும். இருபது முப்பது நிமிடத்தில் ஓரங்கள் காய்ந்து வெடிக்கும்போது எடுத்துவிடலாம். களைப்புக்கும் கண் எரிச்சலுக்கும் இதமானது. ‘நச்சை உறிஞ்சுகிறது’ என்பதற்கு ஆதாரம் இல்லை. புண்ணில் மண் வைக்கக் கூடாது, டெட்டனஸ் கிருமியின் வீடே மண்தான்.

இடுப்புக் குளியலில் தொப்புள் வரை நீரும், கால்கள் தொட்டிக்கு வெளியிலும் இருக்கும். மூல நோய்க்கும் ஆசனவாய் வெடிப்புக்கும் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவதை அறுவைச் சிகிச்சை மருத்துவர்களே சொல்கிறார்கள். இறுகிய தசை தளர்ந்து வலி குறையும். மற்றபடி எல்லா நோய்க்கும் இடுப்புக் குளியல் என்ற கூனேயின் வாதத்தை இன்று தூக்கிப் பிடிக்க முடியாது.

மாசத்துக்கு ஒரு தடவை டீடாக்ஸ் பண்ணினா உடம்பில் உள்ள கழிவெல்லாம் வெளியேறுமா?

கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன. மாதம் ஒருமுறை யாரும் வந்து நினைவூட்ட வேண்டியதில்லை. எந்த நச்சு வெளியேறுகிறது, எவ்வளவு என்று கேட்டுப்பாருங்கள், பதில் வராது. மின் தகடு வைத்த கால் தொட்டியில் தண்ணீர் பழுப்பாவதைக் காட்டி ‘உங்கள் கழிவு’ என்பார்கள். காலை எடுத்துவிட்டு உப்பு நீரில் அதே இயந்திரத்தை ஓட்டினாலும் பழுப்பாகும், தகட்டின் துருதான் அது. குடல் சுத்தப் பொடிகளைச் சாப்பிட்டபின் கயிறு கயிறாக வருவதும் பெரும்பாலும் அந்தப் பொடியே கட்டியாகி வருவதுதான்.

பழச்சாறு மட்டும் குடிப்பதில் நார் போய்ச் சர்க்கரை மிஞ்சும். கீரைச்சாற்றை லிட்டர் கணக்கில் குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நட்சத்திரப் பழம் நரம்பையே தாக்கும் விஷம்.

அப்ப உண்ணாநோன்பே கூடாதா?

ஆரோக்கியமான பெரியவர் ஒரு நாள் நீர் மட்டும் குடித்து இருந்தால் கெடுதல் இல்லை. இரவு உணவை முன்னதாக முடித்து 12 மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு தருவது இன்னும் எளிது. பல நாள் நோன்பு மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே. ஆபத்து நோன்பில் மட்டும் இல்லை, அதை முடிக்கும் விதத்திலும் இருக்கிறது. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள், எடை குறைந்தவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள், இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் தாங்களாக நோன்பு இருக்கக் கூடாது.

ஆரம்பிச்சதும் தலைவலி, அரிப்பு எல்லாம் வந்துச்சு. குணமாகிறதோட அறிகுறின்னு சொன்னாங்களே?

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. குறைந்தாலும் சிகிச்சை வேலை செய்கிறது, கூடினாலும் வேலை செய்கிறது என்றால், வேலை செய்யவில்லை என்று எப்போதுதான் தெரிந்துகொள்வது? காபியை நிறுத்தியவருக்கு 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கி சில நாள் நீடிக்கலாம், அது காஃபீன் விலகல். நார்ச்சத்து கூட்டியவருக்கு வயிறு உப்பும். இவற்றுக்குத் தெளிவான காரணம் உண்டு, தானாகவே அடங்கும். தடிப்பு, காய்ச்சல், ரத்தம், மயக்கம், மஞ்சள் கண் இவை குணமாகும் அறிகுறி அல்ல. நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நடைப்பயிற்சி, உப்புக் குறைப்பு எல்லாம் பண்றேன். பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. உங்கள் முயற்சிக்குப் பலன் உண்டு என்பது உண்மை. பழம், காய்கறி, முழுதானியம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த டேஷ் உணவுமுறையை 1997-ல் சோதித்தபோது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. அது ஒரு மாத்திரைக்கு நிகர். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் சில மாத்திரைகளை, முக்கியமாக பீட்டா பிளாக்கர் வகையை, சட்டென்று நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் எகிறும்.

சரியான வழி: இரண்டு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எண்கள் இறங்கியிருந்தால் மருத்துவரே அளவைக் குறைப்பார். இன்னொன்று, தொண்டைக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் சாப்பிடுகிறீர்களா? அது ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும்.

சர்க்கரை நோயை மருந்தில்லாம குணப்படுத்தலாம்னு சொல்றாங்க, உண்மையா?

பாதி உண்மை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் எடுக்காத இரண்டாம் வகை நோயாளிகள் சில மாதம் ஒரு நாளைக்கு 850 கலோரி அளவுக்குக் குறைத்துச் சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இருந்தார்கள், இரண்டாம் ஆண்டில் 36 சதவீதம். எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது, எடை திரும்பினால் நோயும் திரும்பும். முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. எந்தப் பச்சிலைச் சாறும் அதற்கு மாற்றில்லை.

கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வெந்நீரில் கால் வைக்கும் சிகிச்சையையும் தவிர்க்க வேண்டும். வெந்தது தெரியாது, புண் ஆறாது.

இயற்கையானதுதானே, மாத்திரையோட சேர்த்துச் சாப்பிட்டா என்ன ஆகிடும்?

நிறைய ஆகும். கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் சாறு சில கொழுப்பு மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றும். மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, கருத்தடை மாத்திரையையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையையும் வலுவிழக்கச் செய்யும். வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் ரத்தம் உறையும் அளவு மாறும். இசப்கோலுக்கும் மற்ற மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஆகவே நீங்கள் எடுக்கும் பொடி, சாறு, கஷாயம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

நல்ல இயற்கை மருத்துவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சில நாடுகளில் பல ஆண்டுப் பட்டப்படிப்பும் பதிவும் உண்டு, சில இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் படிப்பையும் பதிவையும் முதலில் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே நீங்கள் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்காதவர், தடுப்பூசி வேண்டாம் என்பவர், எல்லா நோய்க்கும் ஒரே காரணம் சொல்பவர், ஆலோசனையைவிடத் தன் பொடி விற்பதில் ஆர்வம் காட்டுபவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ‘இது என் வேலை இல்லை, மருத்துவமனைக்குப் போங்கள்’ என்று சொல்லத் தெரிந்தவர் நல்லவர்.

புற்றுநோய்க்கும் இதில் வழி இருக்குன்னு கேள்விப்பட்டேன்

சிகிச்சையின்போது வரும் களைப்பு, வாந்தி உணர்வு, தூக்கமின்மை, மனச்சோர்வு இவற்றுக்கு நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் மசாஜும் உதவும். கட்டிக்கு உதவாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தவர்களின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

எங்க அம்மா மாத்திரையே வேண்டாம், இயற்கை வைத்தியம் மட்டும்தான்னு பிடிவாதம் பிடிக்கிறாங்க. என்ன செய்ய?

வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். முதலில் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். முன்பு ஒரு மாத்திரையால் வந்த தலைசுற்றலாக இருக்கலாம், ‘ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது’ என்ற எண்ணமாக இருக்கலாம். தலைசுற்றலுக்கு வேறு மாத்திரை மாற்றலாம். ஆயுசுக் கவலைக்கு மேலே ரத்த அழுத்தப் பதிலில் சொன்னதைச் சொல்லுங்கள்: அளவு குறைவதும் உண்டு.

அப்புறம் முதலில் சொன்ன கெடுவை அவரோடு சேர்ந்து வையுங்கள். ‘சரிம்மா, உங்க வழியிலேயே பார்ப்போம். ஆனா அளந்து பார்ப்போம்’ என்று ஒரு கருவியோ பரிசோதனையோ நடுவில் வரட்டும். எண்ணை அவரே எழுதட்டும். எத்தனை வாரம் காத்திருக்கலாம் என்பதை மட்டும் நீங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் எண் 150 என்றால் அவர் சில வாரம் தரலாம், 180-ஐத் தாண்டினால் தரமாட்டார். இன்சுலின், வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை போன்றவற்றில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. அங்கே மட்டும் மருத்துவரையே வீட்டுக்கு அழைத்தோ போனிலோ அவரிடம் நேரடியாகப் பேச வையுங்கள்.